அழுதுவிட்டு கிரவுண்டுக்கு வரச் சொன்ன சார்

நம் பள்ளி பி.டி. சார் அழுது பார்த்திருக்கிறீர்களா? நம்புவது கஷ்டம்தான். வராண்டாவில் அவர் விசில் கேட்டாலே சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஓடியவர்கள் நாம். சுனாமி வந்த வருடம் பிளஸ் டூ படித்த எங்கள் செட்டுக்கு மட்டும் அந்தக் காட்சி வாய்த்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று நம்மோடு படித்த பையன்களின் ஊர்களெல்லாம் செய்தித்தாளில் வந்தன, வரக்கூடாத காரணத்துக்காக. ஜனவரியில் பள்ளி திறந்ததும் பிரேயரில் மௌன அஞ்சலி. அது முடிந்து சார் மைக் முன்னால் வந்தார். அவருடைய கபடி டீமில் ஒரு பையன் இல்லை. இரண்டு வார்த்தை பேசினார், தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அப்புறம் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தாங்கல, அழுதுட்டேன். உங்களுக்கும் வந்தா அழுங்க, ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. பதினோரு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுல இருக்கணும்."

பதினோரு மணிக்கு விசில் அடித்தது. போனோம்.

அந்த வாரங்களில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "ஆம்பளப் பிள்ளை அழலாமா", "நடந்ததை மறந்துடு" என்று முகாமுக்கு வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான், வேறென்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. என் பக்கத்தில் உட்காரும் நண்பன் தங்கையைப் பறிகொடுத்திருந்தான். அவனிடம் சார் என்ன நடந்தது என்று ஒருநாளும் துருவவில்லை. விளையாட்டுச் சாமான் அறையின் சாவியைக் கையில் கொடுத்து, பந்துகளுக்குக் காற்றடிக்கச் சொன்னார். நானும் கூடப் போவேன், கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்கலாமே. அவன் பம்ப் அடிக்கும்போது சார் ஏதோ ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே கேட்பார்: "என்னடா, இன்னிக்கு பயமா, துக்கமா, கோபமா?"

பல நாள் பதில் வராது. ஒருநாள் "கோபம் சார்" என்றான்.

"யார் மேல?"

"எங்கப்பா மேல. கடலுக்கு அவ்வளவு கிட்ட வீடு கட்டினதுக்கு."

"சரி. இன்னும் ரெண்டு பந்து பாக்கி இருக்கு, அடி."

அவ்வளவுதான் அவர் வைத்தியம். ஆனால் அதற்குப் பிறகு அவன் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஏனென்றால் மிச்சம் அதுவரை எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூர் வந்த பிறகு, அலுவலகப் பயிற்சி ஒன்றில் 'உணர்வு மேலாண்மை' என்று ஆரம்பித்தார்கள். இன்னொரு தூங்கும் வகுப்பு என்றுதான் போய் உட்கார்ந்தேன். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் செய்த சோதனையைச் சொன்னபோது நிமிர்ந்தேன். மனதை உலுக்கும் படத் துண்டுகளைக் காட்டி, ஒரு குழுவிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார்களாம். முகம் அமைதியாகத்தான் இருந்தது. உள்ளே வேதனை குறையவில்லை, உடம்பின் பதற்றமோ கூடியது. மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: ஒரு முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிகிறது. 'பயமா, துக்கமா, கோபமா' என்று கேட்ட சார் இதையெல்லாம் படித்தவர் இல்லை. பேரிடரில் பாதிக்கப்பட்டவரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடும் சொல்கிறது. லீவில் ஊருக்குப் போனபோது அவரிடம் சொன்னேன். "மூளையைக் காட்ட மெஷின் இருக்குதா? நம்ம ஸ்கூல்ல ஒண்ணு இருந்திருந்தா உன் செட்டுல பாதிப் பேருக்குக் காலியா காட்டியிருக்கும்" என்றார்.

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மனதைச் சமாளித்துவிட்டால் எதையும் கடந்துவிடலாம் என்று அந்தப் பயிற்சியில் பேசியதை நான் ஏற்கவில்லை. வலையும் படகும் போனவனுக்கு முதலில் படகு வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதே, பண்ருட்டிப் பக்கம் எங்கள் மாமாவின் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. அத்தை தோட்டத்தில் உட்கார்ந்து, எந்தப் பலா யார் பிறந்தபோது வைத்தது என்று மரம் மரமாகச் சொல்லி ஒப்பாரி வைத்தார். மறுநாள் அவரே அரிவாளோடு கிளை கழிக்க இறங்கிவிட்டார். மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எல்லாம் விதி, போனது போச்சு" என்று திண்ணையிலேயே கிடந்தார்.

மனதைத் தேற்றிக்கொள்வதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அலிசன் டிராய் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2013இல் கண்டது இது: நம் கையில் இல்லாத துன்பத்தில், நடந்ததை வேறு விதமாகப் பார்த்துச் சமாதானம் அடையும் திறமை உதவுகிறது. நம்மால் மாற்றக்கூடிய துன்பத்தில் அதே திறமை உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவே தெரிந்தது. புயல் மாமாவின் கையில் இல்லை. நிவாரணக் கணக்கில் அவர் தோட்டம் விடுபட்டது அப்படியா? அதற்கும் விதி என்றால் எப்படி? ஊரே திரண்டு மறியலுக்குக் கிளம்பியபோது அத்தைதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டதாக அத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார். பட்டியலில் பெயரும் ஏறியது.