நாற்பது கட்டு ஆயிரம்

"வூட்டுல அவ இன்னா செய்றான்னு பள்ளிக்கூடத்துல எதுக்கு டீச்சர் பேசணும்?"

அந்த அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். வகுப்பு வாசலில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில்தான் கேட்டார். அடுத்துச் சொன்னதுதான் இன்னும் என்னை விடாமல் இருக்கிறது. "பீடிக் கணக்குல கெட்டிக்காரின்னு பேரு வாங்கவா நான் அவள அனுப்புறேன்?"

நடந்தது இவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் பெருக்கல் போய்க்கொண்டிருந்தது. 25 × 48. அந்த அம்மாவின் மகள் கரும்பலகையில் போட்டாள். எட்டால் பெருக்கி 200, நான்கால் பெருக்கி 100, இரண்டையும் நேருக்கு நேர் எழுதிக் கூட்டி 300. அங்கே இருக்கும் நான்கு உண்மையில் நாற்பது, அதனால் ஓரிடம் தள்ளி எழுத வேண்டும் என்பது எத்தனை முறை சொல்லியும் அவளுக்குப் பிடிபடவில்லை. "சரி, இதை விடு. 48 கட்டு பீடி. மொத்தம் எத்தனை?" என்றேன். கட்டுக்கு 25 என்று நான் சொல்லவில்லை. குடியாத்தம் பக்கம் அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"நாப்பது கட்டு ஆயிரம். எட்டு கட்டு எரநூறு. ஆயிரத்து எரநூறு டீச்சர்."

யோசிக்கக்கூட இல்லை. பாடப்புத்தகம் பங்கீட்டுப் பண்பு என்று தனித் தலைப்புப் போட்டுச் சொல்லித்தருவதை, 25 × (40 + 8) என்பதை, அவள் வாயாலேயே செய்து முடித்துவிட்டாள். நான் அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, "இவள் எப்படிச் செய்தாள் பாருங்கள்" என்று எல்லோருக்கும் விளக்கினேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பீடி சுற்றும் அதே முறமும் அதே புகையிலைத் தூளும் இருக்கின்றன, பிறகு என்ன சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் செய்தது புதிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கண்டுபிடி, அங்கிருந்து தொடங்கு என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-லேயே சொன்னார். கல்வி உளவியல் முழுவதையும் ஒரே கொள்கையாகச் சுருக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன் என்றும் எழுதினார். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-இன் முதல் வழிகாட்டும் கொள்கையும் பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்பதே. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் போகிறது. பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்களை நான்கு விடைகளில் ஒன்றாகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் மறக்கவில்லை. அதை வகுப்பில் செய்தேன். இதில் என்ன தப்பு?

பிரேசிலின் ரெசீஃபி நகரத்தில் 1980-களில் நடந்த ஆய்வு எனக்கு எப்போதும் துணை. சந்தையில் தேங்காய், பழம் விற்கும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரி. அப்புறம் அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது, அதே பிள்ளைகள் 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210 என்று ஏறி, 315-ஐத் தொட்டு, 350-இல் வந்து நின்றான். மூன்று காயின் விலை அவன் நாக்கில் தயாராக இருந்தது. இவளுக்கு நாற்பது கட்டு அப்படி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பீடிக்குக் கூலி. அந்த எண் தினமும் அந்த வீட்டில் புழங்குகிறது.

ஆனால் ரெசீஃபிப் பிள்ளைகள் நடுச்சந்தையில் நின்று விற்றார்கள். யாரும் ஒளிக்கவில்லை. இங்கே பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து இலை வெட்டுவது தெருவுக்கே தெரியும். பிள்ளைகள் நூல் கட்டுவதும் பீடியின் தலை மடக்குவதும் மட்டும் தெரியும், ஆனால் தெரியாது. பீடி சுற்றுவது குழந்தைகளுக்கு விலக்கிய தொழில்களின் பட்டியலில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. வீட்டில் அம்மாவுக்குக் கூடமாட உதவுவது அதில் சேருமா என்று சட்டம் தெரிந்தவர்கள் வாதாடலாம். அந்த அம்மாவுக்கு அந்த வாதம் எதற்கு? டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டார், நாளைக்கு யார் வந்து கேட்பார்களோ. அந்தப் பயம் நியாயமானது.

பயம் மட்டும் என்றால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்மா" என்று சொன்னேன், தலையை ஆட்டினார். அவர் கேட்டது அதை அல்ல. இந்த வேலையிலிருந்து மகள் எழுந்து வர வேண்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறார். அவள் கெட்டிக்காரத்தனத்தை நான் எங்கே கண்டேன் என்றால், அதே முறத்தில். நான் அதைப் பெருமை என்று நினைத்தேன். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

முன்னறிவு என்று நாம் சொல்லும்போது அது பிள்ளையின் தலைக்குள் இருக்கும் ஒரு பொருள், ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொள்கிறோம். அது யாருடைய வீட்டில், எந்தக் கூலிக்கு, எவ்வளவு முதுகுவலியில் உண்டானது என்ற கேள்வி பயிற்சி வகுப்புகளில் வருவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் ஆசிரியர்களையே தொழிலாளர் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குடும்பங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு அறிந்து, பிறகுதான் பாடமாக்கினார்கள். முதலில் உறவு, அப்புறம் பாடம். படிக்க அருமையாக இருக்கிறது. எங்கள் தெருக்களில் பள்ளிக்கூடத்து டீச்சர் நுழைந்தால் முறத்தின் முன்னால் இருக்கும் பிள்ளைகள் முதலில் உள்ளே போய்விடுவார்கள். நான் உறவுக்காக வந்தேன் என்று எப்படி நம்பவைப்பது?

என்னோடு வேலை பார்க்கும் மூத்த ஆசிரியை ஒரு வழி சொன்னார். "25 கிலோ அரிசி சிப்பம் வெச்சு நடத்தும்மா. யாருக்கும் வலிக்காது." அவர் சொன்னதும் சரிதான். நாற்பது சிப்பம் ஆயிரம் கிலோ, அதே எண்கள். இப்போது அப்படித்தான் நடத்துகிறேன், வகுப்புக்குப் புரிகிறது. அவளுக்கும் புரிகிறது, ஆனால் மெதுவாக. எந்தச் சிப்பத்தையும் அவள் எண்ணிக் கட்டியதில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்தால் உள்ளுக்குள் கட்டாக மாற்றிக்கொண்டுதான் சொல்கிறாள் என்று படுகிறது. கேட்கவில்லை.

இருந்தாலும் ஒன்றை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், 300 என்ற விடையோடு அவள் மெல்லக் கற்போர் பட்டியலிலேயே இருந்திருப்பாள். கணக்கு வராத பிள்ளை என்று அவளே நம்பியிருப்பாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். அது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், எதை வைத்து எடுத்தீங்க டீச்சர் என்று கேட்பார்.