சேர் கேட்ட கேள்வி

சேர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. எங்கள் பள்ளிக்கூட மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் சைக்கிள் கொட்டில், முதல் வெள்ளிப் பூசை, விடுதிப் பருப்பு பற்றித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

எண்பதுகளின் நடுவில், மறைக்கல்விப் பேச்சுப் போட்டியில் கருக்கலைப்புக்கு எதிராக நான் முழங்கிய முழக்கம் சிலருக்கு ஞாபகம் இருக்கும். முதல் பரிசு. மறுநாள் சேர் என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "தம்பி, நல்லாப் பேசினாய். போன கிழமை சந்தியில லைட் போஸ்ட்டில கட்டிச் சுட்டவையே, அவனும் ஒரு தாயின்ர வயித்தில இருந்தவன்தானே. அவனை ஏன் பேச்சில விட்டனி?" என்று கேட்டார். பாடம் முடியும்வரை நின்றேன். இயக்கங்கள் துப்பாக்கியோடு திரிந்த அந்த வருடத்தில், அந்த ஊரில், பதினாறு வயதுப் பொடியன் மேடையில் அதைப் பேசியிருக்க முடியுமா என்ற கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் சேர் அதை வகுப்பில் சத்தமாகவே சொன்னார், கதவும் திறந்துதான் கிடந்தது.

சிக்காகோ பேராயர் கர்தினால் பெர்னார்டின் 1983 டிசம்பரில் நியூயோர்க் ஃபோர்ட்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதையேதான் பேசினார் என்பது எனக்கு இங்கே கனடாவுக்கு வந்த பிறகுதான் தெரியும்: கருவைக் காக்க நிற்கிறவன் அணுவாயுதப் போரையும் மரண தண்டனையையும் கேள்வி கேட்க வேண்டும், உயிரைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது. சேர் அதை வாசித்தாரோ, தானாக யோசித்தாரோ. பிள்ளைத்தாய்ச்சியாகிக் கலியாணம் நின்றுபோன ஒரு பெட்டையை ஊர் தள்ளி வைத்தபோது அவர் வீட்டிலிருந்துதான் அரிசி போனது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு குறை சொல்லலாம்: நாற்பது பொடியன்களுக்கு அவர் எடுத்த அத்தனை பாடத்திலும் அந்தப் பெட்டை என்ன நினைத்தாள் என்பது ஒருநாளும் வரவில்லை.

2018இல் பாப்பரசர் பிரான்சிஸ், மரண தண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியபோது சேருக்குப் போன் எடுத்தேன். "இப்பதானோ?" என்று சிரித்தார். அப்புறம் நான் எப்போது வருகிறேன் என்று கேட்டார். அடுத்த வருடம் என்றேன்.

அடுத்த வருடம் இலங்கையில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன. ஸ்காபரோவில் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது, ஒவ்வொரு மே மாதமும் கருக்கலைப்புக்கு எதிரான ஊர்வலத்துக்கு ஒட்டாவா போகிறவர்களே, சம்பந்தப்பட்டவர்களை விசாரணை இல்லாமல் தூக்கில் போட வேணும் என்று கத்தினார்கள். செத்தவர்களை நினைத்தால் அந்த ஆத்திரம் விளங்காமல் இல்லை. சேர் அங்கே நின்றிருந்தால் யாரை எழுப்பி நிறுத்தியிருப்பார் என்று யோசித்தேன், வாய் திறக்கவில்லை.

பிறகு கொரோனா. பிறகு வேலை, முழங்கால், டிக்கெட் விலை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சேர் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன்.