மணலும் பறையும்: அடி எண்ணிப் படம் செய்தல்

மணல் அனிமேஷன் என்றால், கண்ணாடியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாய் எடுத்து ஓடவிடுவது. அதில் படத்தை முடித்துவிட்டு இசை தேடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. ஒலிதான் முதலில். பறையைப் போனில் பதிந்து, எந்த அடி எத்தனையாவது படத்தில் விழுகிறது என்று கொப்பியில் எழுதுங்கள்.

செக்கனுக்கு 12 படம் என்று வைப்போம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு 6 படம். 90 என்றால் 8. 100 அடியில்தான் வில்லங்கம், 7.2 வரும். 7 என்று எடுத்தால் 30 அடிக்குள் படம் அரைச் செக்கன் முந்திவிடும்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணல் நல்லது. ஆனால் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அரிதட்டில் சலிக்க வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும். மணல் கண்ணாடியில் கட்டிகட்டியாய் ஒட்டும். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத்தாள், அதற்கும் கீழே எல்இடி விளக்கு. மேலே அசையாத கமரா. அதன் வெளிச்ச அளவைப் பூட்டாவிட்டால் படம் மினுங்கும். யன்னலை மூடி, மின்விசிறியையும் நிறுத்துங்கள் (வன்னி வெயிலில் இதுதான் பெரிய தண்டனை).

எடிட்டிங்கில் ஒலியை 40 மில்லிசெக்கன் பின்தள்ளலாம். மின்னலுக்குப் பிறகே இடி கேட்டுப் பழகிய காது அதைப் பொறுக்கும்; ஒலி முந்தினால் பொறுக்காது.

எல்லா அடிக்கும் மணலை ஆட்டினால் சலித்துவிடும். நாலில் ஒன்றுக்கு வெறுங்கண்ணாடி போதும். மணல் வழியும் இடத்தில் பறையை எடுத்துவிட்டுக் காவோலைச் சரசரப்பைப் போட்டுப் பாருங்கள்: அதே மணல், மழை.