கதிர் சிகிச்சை முடிந்த பிறகு: காரைக்குடிக் குறிப்புகள்

மார்ச் 4
வாய், தொண்டைப் புற்று திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அதனால் முதல் ஆண்டு 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டு 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு முடிய 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். மதுரைக்குப் பஸ் ஏற அலுத்துக்கொண்டு நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். ஆறாத புண், கழுத்தில் புதுக்கட்டி, ஒரு பக்கக் காதுவலி, இவற்றில் ஒன்று 2 வாரம் நீடித்தாலே உடனே கிளம்பிவிடுங்கள்.

மார்ச் 9
"ஆச்சிக்குப் பல்லு ஆடுது, பிடுங்கிறலாமா?" அவசரப்படாதீர்கள். கதிர் பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துபோயிருக்கும். பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்து வெளியே தெரியலாம்; கீழ்த்தாடையில்தான் அதிகம். பத்து வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது. எந்தப் பக்கம், எத்தனை கிரே (கதிரின் அளவு) கொடுத்தார்கள் என்ற சீட்டைப் பல் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

எச்சில் வற்றிய வாயில் ஈறோரம் சொத்தை மளமளவென்று பரவும். இரவு பல் துலக்கியபின், 1.1 சதவீத சோடியம் ஃப்ளோரைடு ஜெல்லை அளவெடுத்துச் செய்த பல் உறையில் தடவி 5 நிமிடம் வைத்துத் துப்ப வேண்டும். அரை மணி நேரம் தண்ணீரும் கூடாது. அந்த நேரத்தில் வாய் கொப்பளித்தால் மருந்தெல்லாம் வீண்.

கும்மாயம் வழுவழுவென்று இறங்குகிறதே என்று வேளாவேளைக்குக் கொடுக்கிறார்கள். அந்த வெல்லமும் கருப்பட்டியும் பல்லில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு கொப்பளிக்க வையுங்கள்: 1 லிட்டர் தண்ணீருக்கு உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன்.

மார்ச் 10
கழுத்தில் கதிர் வாங்கியவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. களைப்பு, மலச்சிக்கல், உடம்பு போடுவது எல்லாம் வயசுக் கோளாறு இல்லை, தைராய்டாக இருக்கலாம்.

மார்ச் 22
பங்குனி முகூர்த்தம். வெற்றிலைத் தட்டைக் கையால் தொட்டு மரியாதை செய்தால் போதும். புகையிலை சேராத வெறும் சீவலும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

மார்ச் 27
மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் போக வேண்டும். வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாடை இறுகுகிறது என்று பொருள். ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து 30 விநாடி, அப்படி 5 முறை, நாளைக்கு 5 வேளை. இழுப்பு தெரியலாம், சுளீரென்ற வலி கூடாது. ஆடுகிற பல்லில் வைக்க வேண்டாம். நன்றாகத் திறந்துகொண்டிருந்த வாய் சில வாரங்களில் சட்டென்று சுருங்கினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். கட்டி திரும்பியிருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.