கேசட்டைக் கொண்டுபோனவர்

'பிகாஸ் தி நைட்' பாட்டு பற்றிய ரேடியோ ஸ்கிரிப்டில் நேரம் இடித்ததால், பாட்டின் கேசட்டைக் கைமாற்றிவிட்ட ஜிம்மி அயோவினின் பெயரைத் தூக்கிவிட்டேன். அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனிடமிருந்து பாடகி பேட்டி ஸ்மித்துக்குப் பாட்டு போனது, 1978-இல் ஹிட்டானது, அவ்வளவுதான் மிச்சம். எங்கள் சீனியர் சவுண்ட் இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, கேசட்டைக் கொண்டுபோன ஆளையே காணோமே?" என்றார்.

"கேக்குறவங்களுக்கு அவரைத் தெரியாதுண்ணே."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக் லெவல் பார்க்கத் திரும்பிவிட்டார். அந்த 'ம்'தான் இன்னும் குடைகிறது.

நான் சொன்னது சரிதான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 1977-இல் நியூயார்க் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அயோவின் இன்ஜினியர், அதே சமயம் ஸ்மித்தின் 'ஈஸ்டர்' ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர். ஸ்பிரிங்ஸ்டீனிடம் மெட்டும் பல்லவியும் இருந்தன, மற்ற வரிகள் பிடிபடவில்லை. அதுவும் காதல் பாட்டு, அப்போது அவர் இருந்த மனநிலைக்கு அதை முடிக்கப்போவதில்லை. அயோவின் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்மித் உடனே கேட்கக்கூட இல்லை. டெட்ராய்டிலிருந்து காதலர் பிரெட் ஸ்மித்தின் போன் வரத் தாமதமான ஓர் இரவில்தான் கேசட்டைப் போட்டுவிட்டு, காத்திருந்த எரிச்சலும் ஏக்கமுமாக வரிகளை எழுதினார். பாட்டுக்குள் டெலிபோன் வருவது அதனால்தான். ஸ்பிரிங்ஸ்டீன் 1978-இல் மேடையில் பாடியபோது அவர் வரிகளில் வந்தவனோ வெயிலில் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவன். பல்லவி ஒன்று, ஆள் வேறு. அப்படியென்றால் பாட்டை உண்டாக்கியது அந்த வராத போன்தானே, தூக்கிக்கொண்டு போனவர் எங்கே வந்தார்?

ஆனால் கேசட் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் போன் தாமதமானது வெறும் தாமதம்தான். சரி, அயோவின் என்ன தர்மமா செய்தார்? தான் தயாரிக்கும் ஆல்பத்துக்கு ஒரு ஹிட் வேண்டியிருந்தது, கிடைத்தது: அமெரிக்காவில் 13-ஆம் இடம், பிரிட்டனில் 5-ஆம் இடம். வேலையைச் செய்தவருக்குத் தனியாக எதற்கு ஒரு வரி என்று கேட்கலாம். பாட்டுக்கு உரியவர்களாக இரண்டு பெயர் போட்டிருக்கிறார்கள், தயாரிப்பாளராக ஆல்பத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

எங்கள் நிகழ்ச்சியின் முடிவில் இன்ஜினியர் பெயரை வாசிப்பதில்லை. அதற்கும் நேரமில்லை என்பதுதான் காரணம். அண்ணன் அன்று அயோவினுக்காகத்தான் கேட்டாரா என்று இப்போது யோசிக்கிறேன். நேரில் கேட்டால், "அட, போ தம்பி" என்பார்.