சுகமான பிறகும் மிச்சமிருக்கும் வேலை

மனநிலை அளவுக்கு மீறி உயர்வதும் தாழ்வதுமாக மாறும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் சீராகி, மனநிலையும் அடங்கிவிட்டால் "சரி, சுகமாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். கொழும்பில், அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராக நான் பலரைச் சந்திப்பது அதற்குப் பிறகுதான். மனநிலையைச் சீராக வைக்கும் லிதியம் மருந்தை ஒழுங்காகப் போடுகிறார், இரத்தப் பரிசோதனையும் சரி. ஆனால் கவனம் நிற்பதில்லை, கேட்டது மனதில் தங்குவதில்லை, ஒரு வேலையை எங்கே தொடங்குவதென்று பிடிபடுவதில்லை. நோய் அடங்கிய காலத்திலும் பலருக்கு இந்தக் குறை தொடர்வதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீட்டாரோ அதைச் சோம்பல் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கும்.

தாளிலும் கணினியிலும் செய்யும் அறிதிறன் பயிற்சிகளில் (நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கானவை) புள்ளி ஏறும். குசினியில் பெரிதாக ஒன்றும் மாறாது. அதனால்தான், போட்டவுடன் கணினி உருவாக்கும் மெய்நிகர் இடமொன்றுக்குள் நிற்பது போலக் காட்டும் வீஆர் கண்ணாடி என்னை ஈர்த்தது. கோப்பன்ஹேகனில் ஆய்வாளர் கமிலா மிஸ்கோவியாக்கின் குழு உருவாக்கிய 'கேவிர்' சோதனையில் நோயாளி மெய்நிகர் குசினி ஒன்றில் நின்று சமையல் வேலைகளைச் செய்கிறார். நினைவு, கவனம், திட்டமிடல் எல்லாம் அதிலேயே அளக்கப்படுகின்றன. அது அளக்கும் கருவிதான். ஆனாலும் பயிற்சியும் வாழ்க்கையைப் போல இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

எங்களிடம் இருப்பது ஒரு சூப்பர் மார்க்கெட் காட்சி. வங்கியில் வேலை செய்த ஓர் அக்கா அதில் பட்டியலை வகை வகையாகப் பிரிக்கவும், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும், அடுத்த தட்டுக்குப் போகுமுன் சரிபார்க்கவும் நன்றாகப் பழகினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மிஸ், இந்தக் கடையில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லையே?"

அவர் கேட்டது மிகச் சரி. அடுத்த முறை வெள்ளவத்தைச் சந்தைக்கே போனோம். மரக்கறிக்காரர் தமிழில் விலை சொல்ல, பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் கூப்பிட, காலி வீதி ஹோர்ன் சத்தம் வேறு. முருங்கைக்காயிடம் வந்ததும் அக்கா நின்றுவிட்டார். பிறகு பட்டியலை மெதுவாக வாய்விட்டு வாசித்தார், கண்ணாடிக்குள் பழகியது போலவே. மிச்சத்தை அவரே வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிய பிறகு நடக்கும் இந்த நேரத்தில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்க முடியாத இடம் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம்.

மனநிலை உயரத் தொடங்கியிருந்தாலோ தூக்கம் குறைந்திருந்தாலோ நான் கண்ணாடியை எடுப்பதில்லை; முதலில் மருத்துவருக்குச் சொல்கிறேன். தலைசுற்றினால் உடனே நிறுத்துகிறேன்.

எங்கள் சந்தையை, பேரம் பேசும் குரல்களோடு, தமிழிலும் சிங்களத்திலும் யாராவது மெய்நிகராகச் செய்துதர வேண்டும். கொழும்பில் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒருவர் முன்வந்தாலும், எதை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்ல அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.