0.7 வோல்ட்டுக்குக் கீழே டயோடு கடத்துமா? அளந்து பார்த்தேன்

சிலிக்கான் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) 0.7 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும் என்றுதான் எங்கும் படிக்கிறோம். அப்படியானால் அதற்குக் கீழே ஒன்றுமே போகாதா? சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று பிரெட்போர்டை (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை) எடுத்தேன்.

9 வோல்ட் பேட்டரி, ஒரு 1என்4007 டயோடு, அதற்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர். ரெசிஸ்டரை மட்டும் மாற்றினேன். 1 கிலோ ஓம் வைத்தபோது சுமார் 8 மில்லி ஆம்பியர் ஓடியது, டயோடின் இரு முனைகளுக்கும் நடுவே 0.65 வோல்ட். 10 கிலோ ஓமுக்கு 0.54. 100 கிலோ ஓமுக்கு 0.44. 1 மெகா ஓமில் 0.34 வோல்ட்தான், அப்போதும் 8 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது!

மின்னோட்டம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தும் வோல்ட்டேஜ் பாதியளவுதான் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஏறக்குறைய 0.1 வோல்ட். ஆக, 0.7 என்பது திறப்பும் மூடலுமான எல்லை இல்லை. நாம் வழக்கமாக ஓட்டும் மில்லி ஆம்பியர்களில் தெரிகிற அளவு, அவ்வளவுதான். டயோடை விரல்களால் அழுத்திப் பிடித்தால் அந்த அளவும் மெல்ல இறங்குகிறது, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 மில்லி வோல்ட். இதைப் பார்க்கவே எனக்கு அத்தனை பிடித்திருந்தது.

எல்இடியிலும் இதே கதைதான். சிவப்புக்கு 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, நீலத்துக்கு 3 வோல்ட்டை ஒட்டி. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் என்பதால் வோல்ட்டேஜும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

அப்புறம் மாஸ்ஃபெட், அதாவது ‘கேட்’ என்ற முனையில் கொடுக்கும் வோல்ட்டேஜால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர். ஐஆர்எஃப்540என்-இன் கேட்டுக்கு 3.4 வோல்ட் கொடுத்ததுமே எல்இடி பளிச்சென்று எரிந்தது. அதே வோல்ட்டேஜில் 12 வோல்ட் மோட்டாரை இணைத்தால் மந்தமாகச் சுற்றியது, மாஸ்ஃபெட் கொதித்தது. கேட்டை 10 வோல்ட்டுக்கு ஏற்றியதும் மோட்டார் முழு வேகம், மாஸ்ஃபெட்டில் சூடே இல்லை. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் காரணம் தெளிவாகவே இருக்கிறது: திறப்பு வோல்ட்டேஜ் என்று போட்டிருக்கும் 2 முதல் 4 வோல்ட், வெறும் 250 மைக்ரோ ஆம்பியர் ஓடுவதற்கான கணக்கு. 44 மில்லி ஓம் என்ற குறைந்த தடை வேண்டுமென்றால் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தாக வேண்டும். மாஸ்ஃபெட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வரியைத்தான்.

கேட் கம்பியைக் கழற்றிய பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டில் தங்கிய மின்னேற்றம் வெளியேற வழியில்லை. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (மின்னோட்டம் வெளியேறும் முனை) நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன், உடனே நின்றது.